குட்டிப் பங்கும் இல்லை, தனிப் பங்கும் இல்லை

கொன்றைக்காட்டில் கூரி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். சித்திரை மாதம் அவள் அப்பாவின் வளையை விட்டு வந்து, ஆற்றோரத்தில் தனக்கென்று ஒரு வளை தோண்டிக்கொண்டாள். ஐப்பசியில் வெள்ளம் வந்தது. கோடைக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த கிழங்கெல்லாம் அழுகிப்போயிற்று.

கார்த்திகையில் யானையரசி ஓர் அறிவிப்புச் செய்தாள். தனி வளைக்காரர் ஒவ்வொருவருக்கும் வெள்ள நிவாரணமாக நாற்பது கிழங்கு. குட்டி வைத்திருப்பவர்களுக்கு, குட்டி ஒன்றுக்குப் பத்துக் கிழங்கு கூடுதல்.

கூரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்பது கிழங்கு இருந்தால் கோடையைத் தாண்டிவிடலாம். இல்லாவிட்டால் வளையை மூடிவிட்டு அப்பாவிடமே திரும்ப வேண்டியதுதான். சரியாகக் காதில் விழுந்ததா என்று மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலையிலேயே வரிசையில் போய் நின்றாள்.

காட்டின் கணக்கர் மரங்கொத்தி. ஒரு பெரிய தேக்கு மரம்தான் அவருடைய பதிவேடு. ஒவ்வொரு தை மாதமும் எல்லாரும் வந்து வரிக் கிழங்கு கொடுப்பார்கள். வளைக்காரருக்கு மரத்தில் ஒரு பெரிய துளை விழும். முடிந்த ஆண்டில் பாதிக்கு மேல் அந்த வளைக்காரர் போட்ட சாப்பாட்டிலேயே இருந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. அந்தச் சின்னத் துளைக்கு 'ஒட்டு' என்று பெயர். ஓர் ஒட்டு இருந்தால் ஐந்து கிழங்கு வரி குறையும்.

மரங்கொத்தி தேக்கை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "உன் பேர்ல பெரிய துளையே இல்லையேம்மா. முறுக்கனுக்குப் பக்கத்துல ஒட்டா இருக்கே."

முறுக்கன்தான் அவளுடைய அப்பா. அவரும் அதே வரிசையில் நின்றிருந்தார். இதைக் கேட்டதும் முள்ளெல்லாம் சலசலக்க முன்னால் வந்தார்.

"அதனால என்ன? குட்டிப் பங்கு பத்தை எங்கிட்ட குடுங்க. நான் அவகிட்டயே குடுத்துடறேன்."

"குட்டி எங்கே?"

"இதோ நிக்கறாளே."

மரங்கொத்தி கூரியின் முழ நீள முட்களைப் பார்த்தார். "இதுவா குட்டி?"

"எத்தனை வயசானாலும் எனக்கு அவ குட்டிதான்."

"உங்களுக்குச் சரி. யானையரசிக்கு, முதல் முள் உதிராத வரைக்கும்தான் குட்டி."

பின்னால் நின்ற முயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. கூரிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அப்ப நான் குட்டியும் இல்லை, தனி ஆளும் இல்லையா?"

"நீ ஒட்டு. ஒட்டுக்குத் தனிப் பங்கு கிடையாது. வளர்ந்த ஒட்டுக்காக வளைக்காரருக்கும் எதுவும் கிடையாது."

ஐந்து கிழங்கு மிச்சம் பிடிக்கப்போய் நாற்பது கிழங்கு போயிற்று.

வெறுங்கையோடு திரும்பியவளை வழியில் ஒரு நரி மறித்தது. நாற்பது கிழங்கு மூட்டை அதன் தோளில் இருந்தது. தான் மாமாவுக்கு ஒட்டாக இருப்பதாகவும், மரத்தின் மறுபக்கத்தில் தனக்கே ஒரு பெரிய துளை இருப்பதாகவும் அது பெருமையடித்தது. சின்னத் துளையில் வேலம்பிசினை அப்பிவிட்டதாம். "யாருக்குத் தெரியும்? உனக்கும் கொஞ்சம் பிசின் தரட்டுமா, தங்கச்சி?"

கூரியின் வயிறு 'சரி' என்றது. ஆனால் அவள் யோசித்தாள். போன தையில் போட்ட துளை பொய் இல்லையே. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் அப்பா போட்ட சாப்பாடுதானே? ஆனால் இந்த ஆண்டு?

அவள் மறுபடி தேக்கு மரத்துக்கு ஓடினாள். துளை சரிதான், சித்திரையிலிருந்து நான் தனியாக இருக்கிறேன், அதற்கு வழி உண்டா என்று கேட்டாள். இதைக் கேட்க முதல்முறையாக ஒருவர் வந்தாரே என்று மரங்கொத்திக்கு ஒரே மகிழ்ச்சி.

"தையில புதுக் கணக்கு. அன்னிக்கு நீ யாருக்கும் ஒட்டா இல்லைன்னா, இப்ப விட்டுப்போன நாற்பதும் அப்பக் கிடைக்கும். ஆனா உங்கப்பா முந்திக்கிட்டு உன் பேரைச் சொல்லிட்டார்னா, ரெண்டு பேரும் வழக்குக்குத்தான் நிக்கணும்."

இரண்டு மாதம் கூரி மரப்பட்டையும் கோரைக்கிழங்கும் தின்று ஓட்டினாள். முறுக்கன் அவ்வப்போது கிழங்கு கொண்டுவந்து வாசலில் வைப்பார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். பெற்ற அப்பன் தருவதைக் கூடவா எண்ணுவாய் என்று அவர் கோபித்துக்கொண்டார். பாதிக்கு மேல் போய்விடக் கூடாதே என்றுதான் எண்ணுகிறேன் என்றாள் அவள். அவர் முகம் வாடிப்போயிற்று.

நரி அவரையும் விடவில்லை. இந்தத் தையிலும் அவள் பெயரைச் சொல்லுங்கள், ஐந்து கிழங்கு குறையுமே என்று ஓதியது. அவர் இருப்பும் குறைவாகத்தான் இருந்தது. முடியாது என்றும் அவர் சொல்லவில்லை.

தை பிறந்தது. வரிசையில் முறுக்கன் முன்னால் நின்றார். கூரி பின்னால் நின்றாள்.

"ஒட்டு உண்டா?" என்றார் மரங்கொத்தி.

முறுக்கன் திரும்பி மகளைப் பார்த்தார். ஐந்து கிழங்கு இப்போது அவருக்குப் பெரிதில்லை. 'குட்டி' என்ற ஒரு சொல்லை விடத்தான் மனம் வரவில்லை.

"எனக்கு அவ..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு கனைத்துக்கொண்டார். "ஒட்டு யாரும் இல்லை. எம் பொண்ணு ஆத்தோரத்துல தனி வளைக்காரி."

சொல்லிவிட்டு, ஒட்டு இருந்தால் குறைந்திருக்கும் ஐந்து கிழங்கையும் அவரே வரிக் குவியலில் வைத்தார்.

டக், டக், டக். கூரியின் பெயரில் பெரிய துளை விழுந்தது. நாற்பது கிழங்கும் வந்தது. அதிலிருந்தே அவள் தன் முதல் வரியையும் கொடுத்தாள். கொடுத்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை.

அடுத்து வந்தவர் நரியின் மாமா. அவருடைய இடத்தில் கொத்தப்போன மரங்கொத்தியின் அலகு பிசினில் ஒட்டிக்கொண்டது! நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பிசினோடு அலகு வெளியே வந்தபோது, உள்ளே நரிக்குப் போட்ட சின்னத் துளை பளிச்சென்று தெரிந்தது. வாங்கிய நாற்பதையும் நரி திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் பாதியை அது தின்று தீர்த்திருந்ததால், அந்தப் பாதிக்கு ஈடாக மூன்று மாதம் மண் தோண்டியது.

அன்று மாலை முறுக்கன் ஆற்றோரத்துக்கு வந்தார். எப்போதும்போல வாசலோடு திரும்பவில்லை. முட்களை மடக்கிக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

ஒருவருடைய பெயரை நம் கணக்கில் சேர்க்கும் முன், அதனால் நமக்கு மிச்சம் என்ன என்று மட்டும் பார்க்காமல், அவருக்கு நட்டம் என்ன என்றும் கேட்க வேண்டும்.