குளத்தில் வளைந்த செங்கோல்

சாமந்திபுரத்து ராஜா விருப்பராயருக்கு வருஷத்தில் ஒருநாள்தான் உருப்படியான வேலை. பட்டம் கட்டிய நாளன்று கோயில் குளத்தில் இறங்கிச் செங்கோலை முக்கி எடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் பாசிக்குள்தான் முக்கினார். இந்த வருஷம் மகாராணி ஆள் வைத்துக் குளத்தைச் சுத்தம் செய்துவிட்டாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வந்தது வினை.

ராஜா கோலைச் சாய்த்துப் பாதிவரை விட்டார். அலறினார்.

"ஐயோ, கோல் வளைஞ்சு போச்சு! இனிமே ஊரே என்னைக் கொடுங்கோலன்னு சொல்லுமே!"

அண்டாவில் கரண்டி விட்டவளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ராஜாக்கள் எங்கே கரண்டி பிடித்தார்கள்?

கோலைச் செய்த வேதமுத்து ஆசாரியை இழுத்து வந்தார்கள்.

"மத்தியானத்துக்குள்ளே இது தண்ணியில நேரா இருக்கணும். இல்லேன்னா வளைந்த பொருளைச் செய்த கை உனக்கு இருக்காது!"

ஆசாரி, அவையில் ஓலை வாசிக்கும் அலர்மேலுவிடம் ஓடினார்.

"அம்மா, வெளியே எடுத்தா நேராத்தானே இருக்கு? இதுல எதை நிமித்துறது?"

"சொன்னா கேட்கிற ஆளா அவர்? தண்ணிக்குள்ளே மேல்பக்கமா வளைஞ்சு தெரியுது இல்லையா? நீங்க கோலைத் தண்ணி தொடுற இடத்துல கீழ்ப்பக்கமா வளைச்சுடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

மத்தியானம் ராஜா முக்கிப் பார்த்தார். அம்பு மாதிரி நேர்!

"ஆசாரி, கெட்டிக்காரன்யா நீ!" என்று கோலை உயரத் தூக்கிக் காட்டினார். கரையில் ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. கையில் இருந்தது செங்கோலா, அரிவாளா?

"வெளியே வந்தாத்தானே மகாராஜா வளையுது? உள்ளேயே இருந்துடுங்க" என்றாள் அலர்மேலு.

நம்பமாட்டீர்கள், இருந்தார். சபை குளத்துக்குள் கூடியது. மந்திரி கழுத்தளவுத் தண்ணீரில் வாய்க்கால் வழக்கை விசாரித்தார். சாமரக்காரன் ஈரச் சாமரத்தால் ராஜாவின் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தான். அண்டை நாட்டுத் தூதர் நீந்தி வந்து வணங்கினார். சாயங்காலம் ஒரு கெண்டை மீன் ராஜாவின் தொடையை ருசி பார்த்தது.

"போதும்! ஆசாரி கையை வெட்டு!" ராஜா துள்ளிப் போய்ப் படியில் உட்கார்ந்தார்.

"வெட்டலாம். அதுக்கு முன்னாடி, காலைச் சாய்வாத் தண்ணிக்குள்ளே நீட்டுங்க மகாராஜா" என்றாள் அலர்மேலு.

நீட்டினார். "ஐயோ, என் கால்! வளைஞ்சு போச்சே!"

"வளைந்த பொருளைச் செய்த கை போகணும், அதுதானே உங்க ஆணை? கோலுக்கு முன்னாடி செஞ்சது கால். அதைச் செஞ்சவங்க அதோ, குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்காங்க."

ராஜமாதா எழுந்தாள்.

"எந்தக் கையைடா வெட்டப் போறே? சோறு ஊட்டின கையையா, முதுகுல போட்ட கையையா?"

"கால் நேராத்தான் இருக்கும்மா! ரொம்ப நேரா இருக்கு!"

"அப்போ கோலும் நேராத்தான் இருந்தது" என்றாள் அலர்மேலு. "தண்ணியை விட்டு வெளியே வரும்போது வெளிச்சம் திசை திரும்புது. பழியை நாம கோல் மேலே போடுறோம். வெட்டியே ஆகணும்னா வெளிச்சத்துக்குக் கை எங்கேன்னு தேடச் சொல்லுங்க."

ராஜா சிரித்தார். தாயார் முறைத்ததும் இன்னும் பலமாகச் சிரித்தார். அலர்மேலுவுக்குப் பொன்வளை. ஆசாரிக்கு அவருடைய இரண்டு கைகளும் பரிசு. கோலைப் பழையபடி நிமிர்த்தியவை அந்தக் கைகள்தான்.

அடுத்த வருஷத்திலிருந்து ராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கோலை முக்குகிறார். கேட்டால், பக்தியாம்.