கழுத்துச் சிவப்பைத் தொலைத்த குருவி

அந்தக் காலத்தில் பறவைகள் மனுசரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தன. வாடைக்காற்று தொடங்கியதும் வடக்கேயிருந்து ஒரு கூட்டம் சின்னக் குருவிகள் வந்து கடலில் இறங்கும். உள்ளங்கையில் அடங்குகிற உருவம். கழுத்து மட்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். தொலைவில் மிதந்தாலும் கரையில் நிற்பவன் இன்ன பறவை என்று சொல்லிவிடுவான்.

அதில் ஒரு குருவிக்கு மீனவன் சடையாண்டியின் வள்ளம் பிடித்துப்போனது. முனையில் உட்கார்ந்து வடக்கத்திக் கதையெல்லாம் சொல்லும். ஒண்டிக்கட்டையான சடையாண்டிக்கு அந்தப் பேச்சுத்தான் சோறு தண்ணி எல்லாம். ஒருநாள் அது பக்கத்து வள்ளத்தில் உட்கார்ந்து அந்த வள்ளக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. இவனுக்கு வயிறு எரிந்தது.

"அவங்கிட்ட உனக்கு என்ன பேச்சு?"

"கூப்பிட்டாரு, போனேன். இதுல என்னண்ணே இருக்கு?"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலையின் மிதப்புக் கட்டையில் அவரவர் குறியை, வள்ளத்துக்குப் பூசும் கறுப்புக் கீலால் தீற்றி வைப்பார்கள். குறி போட்டதை அடுத்தவன் தொடமாட்டான். கட்டைக்குச் சரி, குருவிக்குமா? சடையாண்டியின் புத்தி அப்படித்தான் போயிற்று. நம்பிக் கையில் வந்து உட்கார்ந்ததை இறுக்கிப் பிடித்துக் கீல்சட்டியை எடுத்தான்.

"வேண்டாம்ணே. கழுத்தப் பாத்துத்தான் எங்க ஆளுங்க என்னைத் தெரிஞ்சிக்குவாங்க."

"நான் தெரிஞ்சிக்கிட்டாப் போதாதா?"

சிவப்பு மறையக் கழுத்தைச் சுற்றித் தீற்றினான். அது தலையைத் திருப்பியதில் கண்ணோரமும் ஒரு கோடு விழுந்தது.

பொழுது சாயக் கூட்டம் கிளம்பியது. குருவியும் கூடப் பறந்தது.

"யாரு நீ?" என்றது மூத்த குருவி.

"நாந்தான்க்கா."

"எங்க பிள்ளைக்குக் கழுத்து சிவப்பு. தள்ளிப் போ."

கூட்டம் போய்விட்டது. குருவி தண்ணீரில் விழுந்து, கீலைக் கழுவச் சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்துக் கீல் போனபோது சிவப்பும் கூடவே போயிற்று. கண்ணோரத்துக் கறுப்பு மட்டும் போகவில்லை. சடையாண்டி அலறியடித்து வள்ளத்தைத் தள்ளி வந்தான். "வா, எண்ணெய் போட்டுத் துடைச்சி விடுறேன்" என்றான். குருவி அவன் முகத்தைப் பார்க்காமலே ஆழ்கடல் பக்கம் பறந்துபோனது.

அந்த வருசம் முழுக்க அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தான் செய்தது பாவம் என்று வாய்விட்டே சொல்லித் திரிந்தான். அடுத்த வாடையில் கூட்டம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தான். ஒன்றுக்கும் கழுத்தில் சிவப்பில்லை. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாக் கண்ணோரமும் கறுப்புத் தீற்றல், எல்லாமே தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன. விரட்டியது தங்கள் பிள்ளையைத்தான் என்று பிறகு தெரிந்துகொண்ட வெட்கத்தில், இனி ஒன்றைத் தனியே பிரிக்க முடியாதபடி அந்தக் கோலத்தையே எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தன.

"எம் பிள்ளை எங்கே? ஒரு வார்த்தை பேசு" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனான். அவன் போட்ட குறி எல்லாவற்றிலும் இருந்தது. அவனுடையது எதுவென்றுதான் தெரியவில்லை.

அன்று முதல்தான் அந்தக் குருவிகள் சிவப்பை வடக்கேயே கழற்றி வைத்துவிட்டு நம் கடலுக்கு வருகின்றன. கரையில் நின்று அது என்ன பறவை என்று நாம் எவ்வளவு கேட்டாலும் பதில் சொல்வதில்லை.