பரஞ்சோதியின் மூன்று பிரதிகள்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். பரஞ்சோதிக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பறவைப் படம் இன்னும் நன்றாக எடுக்கக் கற்க வேண்டுமென்றால் எடுக்கத் தெரிந்தவரிடம்தானே போக வேண்டும்? அவர் நிலோபரிடம் போனார்.

பரஞ்சோதி தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லை. விருப்ப ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கினார். ஆறு வருடம் நாடு முழுக்கத் தனியாகச் சுற்றினார். லடாக்கில் கருங்கழுத்துக் கொக்கு, பரத்பூர் பனியில் நனைந்த ஆந்தை, கூந்தன்குளத்தில் தாயின் வாய்க்குள் தலையை விட்டு மீன் தேடும் கூழைக்கடாக் குஞ்சு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவருக்கு அந்தப் படங்கள்தான் எல்லாம். ஆனால் யாருக்கும் காட்டியதில்லை. கேட்டால், "இன்னும் கொஞ்சம் திருத்தணும்" என்பார். நாளடைவில் கேட்பவர்களும் நின்றுபோனார்கள்.

நிலோபர் காயல்பட்டினத்துக்காரர். பேசுவது குறைவு. சொல்லிக்கொடுப்பது அதைவிடக் குறைவு. சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவை மேடம் என்பார்.

மார்கழியில் இருவரும் பூநாரை பார்க்கக் கோடியக்கரைக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் பரஞ்சோதி தன் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. பைக்குள் லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி உறை, ஈரம் இழுக்கும் சிறு பொட்டலங்கள், சங்கிலி, பூட்டு. பைக்கு ஒரு மழைக்கோட்டும் உண்டு. அவருக்கு மழைக்கோட்டு கிடையாது.

வேதாரண்யத்தில் டீ குடிக்க இறங்கினார்கள்.

"மேடம், ஒரு கேள்வி" என்றார் பரஞ்சோதி. "பயணத்துல கேமராவும் படமும் பத்திரமா இருக்கணும்னா என்ன செய்யணும்?"

நிலோபர் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றினார். டீக்கடை அம்மாளிடம் நீட்டினார்.

"அக்கா, கொஞ்சம் வச்சிக்கிடுங்க. மூஞ்சி கழுவிட்டு வாரேன்."

அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பிள்ளையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். நிலோபர் நிதானமாக முகம் கழுவி வந்தார். அதுவரை பரஞ்சோதி அந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

"பதில் சொல்லலியே, மேடம்?"

"சொல்லிட்டேனே."

பரஞ்சோதிக்கு விளங்கவில்லை. இவ்வளவு விலையுள்ள பொருளை முகம் தெரியாதவரிடம் கொடுப்பவர் தனக்கு என்ன கற்றுத்தரப் போகிறார் என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

விடுதியில் அடுத்தடுத்த அறைகள். சாயங்காலம் நிலோபர் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார்.

"வெளியூர் போனா படம் எடுக்குறவங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு, அண்ணாச்சி. என் படத்தோட ஒரு காப்பி உங்க பையில. உங்க காப்பி ஒண்ணு என் பையில. ஒரு பை போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

"எங்கிட்ட மூணு காப்பி இருக்கு, மேடம்."

"எங்க?"

பரஞ்சோதி பையைத் தட்டினார். "மூணும் இதுலதான்."

"வீட்டுல ஒண்ணு வச்சிட்டு வரலாம்ல?"

"வீடு பூட்டிக் கிடக்கும். எவனாவது புகுந்தா யாரு கேக்கப் போறா?"

"தெரிஞ்சவங்க வீட்டுல?"

பரஞ்சோதி யோசித்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"ஆன்லைன்ல?"

"கண்ணுல காணாத எவன் கையிலயோ எப்படிக் கொடுக்க? எம்பொருளை நானே பாத்துக்கிடுதேன், மேடம். யாருக்கும் தொந்தரவு வேண்டாம்."

நிலோபர் வற்புறுத்தவில்லை. தன் டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் படகில் போனார்கள். படகுக்காரர் கலியமூர்த்தி ஒரு நீல டிரம்மைக் காட்டினார். மீன் பிடிக்கப் போகிறவர்கள் போனையும் மாற்றுத் துணியையும் போட்டு இறுக மூடிவைக்கும் டிரம் அது.

"பையை இதுல போடுங்கய்யா. படகு கவுந்தாலும் இது மிதக்கும்."

நிலோபர் தன் பையைப் போட்டார்.

"எங்கிட்டயே இருக்கட்டும்" என்று பரஞ்சோதி பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

வெகுதூரம் வரை கணுக்காலளவு தண்ணீரில் பூநாரைகள் நின்றன. படகு ஆழமான ஓடையில் மெல்ல நகர்ந்தது. திடீரென்று ஒரு கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. அவற்றின் சிறகுகளால் வானம் சிவந்தது. பரஞ்சோதி தன்னை மறந்து எழுந்து நின்றார். கலியமூர்த்தி "உக்காருங்கய்யா" என்று கத்தினார். சொல்லி முடிப்பதற்குள் பரஞ்சோதி தண்ணீரில் இருந்தார்.

நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனால் கால் சேற்றில் புதைந்துகொண்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அவர் வெளியே வர நேரம் பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைக்கு எல்லாம் ஆகியிருந்தது. மழைக்கோட்டு மேலிருந்து விழும் தண்ணீருக்குத்தான். பை உப்புத் தண்ணீரில் ஊறிக் கனத்தது.

"எதையும் ஆன் பண்ணாதீங்க, அண்ணாச்சி" என்றார் நிலோபர். "கேமரா போனா போகட்டும். டிஸ்க்கை நல்ல தண்ணியில அலசி, காயவிடாம அப்படியே கவர்ல போடுங்க. நாளைக்குச் சென்னை போவோம். இதுல கைதேர்ந்த ஆள் ஒருத்தர் இருக்கார். படத்தை மீட்டுத் தந்துருவாரு."

பரஞ்சோதி தலையாட்டினார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். மூன்று டிஸ்க்கையும் அலசி மேஜைமேல் வைத்தார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நடந்தார். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று துறைமுகத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா? இந்த நிமிஷமும் அது உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று தோன்றியது. ஆறு வருடம். லடாக், பரத்பூர், கூந்தன்குளம். அவர் உயிரோடு இருந்ததற்கு அதைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நிலோபர் யாருடனோ போனில் பேசுவது கேட்டது. பரஞ்சோதி கதவு வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிறகு சிறிய திருப்புளியை எடுத்து மூன்றையும் திறந்தார். உள்ளே கண்ணாடிபோல மின்னிய தட்டுகளை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் நன்றாகத் துடைத்தார். மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தார்.

காலையில் நிலோபர் வந்து பார்த்தார்.

"யாரு திறந்தது?"

"நான்தான் மேடம். உப்பு அரிச்சிரும்னு பயமா இருந்துச்சு. துடைச்சு வச்சிருக்கேன்."

நிலோபர் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். துணி போன வழியெல்லாம் கீறல்.

"படமெல்லாம் பதிஞ்சிருக்குறது இதுமேலதான். ஒரு தூசி விழுந்தாலே ஆகாது, அண்ணாச்சி. அந்த ஆளாலயும் இனி ஒண்ணும் செய்ய முடியாது."

பரஞ்சோதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பக்கத்து ரூம்லதான இருந்தேன்? கதவைத் தட்டியிருக்கலாமே."

"தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சேன்."

அவர் அழுது முடிக்கும் வரை நிலோபர் கூடவே உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பிய பரஞ்சோதி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கேமரா வாங்கவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. பாலும் தினசரியும் வாசலுக்கு வந்தன. தினசரியைப் பிரிக்காமலே அடுக்கினார். இருந்த படங்களும் போன பிறகு, நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தார். அப்படி நினைப்பது அவருக்கு நாளுக்கு நாள் சுலபமாகிக்கொண்டே வந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் அழைப்பு மணி அடித்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தவிர அந்த மணியை யாரும் அழுத்தியதில்லை. சிலிண்டருக்குச் சொல்லவில்லையே என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தார். நிலோபர் நின்றிருந்தார். செருப்பில் புழுதி.

"உள்ள வரலாமா, அண்ணாச்சி?"

வீட்டில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதை நிலோபருக்குப் போட்டுவிட்டு பரஞ்சோதி நின்றார். நிலோபர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பரஞ்சோதியும் உட்கார்ந்தார்.

"திரும்ப எடுக்க வேண்டியதுதானேன்னு சொல்லத்தானே வந்தீங்க, மேடம்?"

"இல்ல. வேற வேலையா வந்தேன்."

நிலோபர் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நான் இதுவரைக்கும் எடுத்தது எல்லாம் இதுல இருக்கு. ஒரு காப்பி எங்கிட்ட. இன்னொண்ணு எங்க அக்கா வீட்டுல இருந்துச்சு. அக்கா தன் மகளோட துபாய் போயிட்டா. வீட்டையும் வித்தாச்சு. இனி இது உங்ககிட்ட இருக்கட்டும்."

பரஞ்சோதி டிஸ்க்கைத் தொடவில்லை.

"எங்கிட்டயா? மூணையும் கெடுத்தவன்கிட்டயா?"

"ஆமா."

"வேண்டாம், மேடம். நல்ல ஆளாப் பாத்துக் கொடுங்க."

"ஒவ்வொரு பயணம் முடிஞ்சதும் புதுப் படத்தை இதுல சேர்க்கணும். அதுக்கு நான் இங்க வரணும். உங்களுக்குத் தொந்தரவுதான்."

"தொந்தரவு ஒண்ணும் இல்ல" என்று சட்டென்று சொன்ன பரஞ்சோதி, தன் குரலைக் கேட்டுத் தானே கூசிப்போனார். "ஆனாலும் யோசிங்க. பேங்க் லாக்கர் இருக்கு. என்னைவிட அது ஆயிரம் மடங்கு பத்திரம்."

"இருக்கலாம்" என்றார் நிலோபர். "ஆனா நான் ஊர் திரும்புனதும், 'இந்தத் தடவை என்ன எடுத்துட்டு வந்தீங்க'ன்னு லாக்கர் கேக்குமா, அண்ணாச்சி?"