திட்டுக்குப் போகும் வழி

காலை ஐந்து நாற்பது மணி. நூற்றுப் பதினெட்டு முட்டைகள். எண்ணியவர் தியாகேசன்.

அது மே மாதம் பதினோராம் தேதி. மறுநாள் எண்ணிக்கை நூற்றுப் பத்து. அதற்கு மறுநாள் தொண்ணூற்றேழு.

கடலோர ஏரியின் நடுவே இருந்த மணல்திட்டில் ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருந்தன. ஆலா கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் சிறு குழி பறித்து இரண்டு மூன்று முட்டை இடும். அந்த ஏரியில் முன்பு அப்படி ஐந்து திட்டுகள் இருந்தன. நான்கு இறால் பண்ணைகளாகிவிட்டன. மிச்சம் இது ஒன்று. சென்ற கோடையில் இதிலும் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. தொடர்ந்து இரண்டு கோடை முட்டைகள் அழிந்தால் ஆலாக்கள் இடத்தைக் கைவிட்டுவிடும் என்று தியாகேசன் படித்திருந்தார்.

அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரையில் இருந்த மடத்துக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மடத்தை நடத்திவந்தவர் பூங்காவனத்தம்மாள். குருவுக்கு வயது நாற்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை ஐயா என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

வந்த புதிதில் அம்மா அவருக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார். ஒன்று, மடத்தில் மிஞ்சும் சோற்றை நாய்களுக்கு வைப்பது. மற்றொன்று, ஒன்றும் செய்யாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. முதல் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். இரண்டாவது அவருக்கு வரவில்லை. பறவைகளை எண்ணத் தொடங்கினார்.

எதிர்க்கரையிலிருந்து வந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குத் திட்டுதான் குறுக்கு வழி. மே பிறந்ததும் தியாகேசன் பஞ்சாயத்தில் பேசி, ஐம்பது நாளைக்கு அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வாங்கினார். தினம் முட்டை எண்ண அவருக்கு மட்டும் அனுமதி. பெண்கள் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள். ஐஸ் வண்டி கிளம்புவதற்குள் கரை சேர முடியாமல் சில நாள் இறால் கெட்டது. அவர்களில் பச்சையம்மாள் என்பவர் தியாகேசனை வழியில் கண்டபோதெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்.

"தண்ணிக்கு எப்ப கல்லு நடப்போறீங்க, சர்வேயரய்யா?"

முட்டை குறையத் தொடங்கியதும் தியாகேசனுக்கு அந்தப் பெண்கள் மேல்தான் சந்தேகம். பதினாலாம் தேதி எண்பத்தாறு. அன்று பஞ்சாயத்துத் தலைவர் கலியவரதனிடம் போய், கட்டுப்பாட்டை மீறுகிறார்கள் என்றார்.

கலியவரதன் நம்பவில்லை.

"அத எடுத்து என்னா பண்றது? ஆம்லெட்டு போட்டாக்கூட ரெண்டு விரலுக்கு வராது."

இருந்தாலும் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். திட்டுப் பக்கமே போகவில்லை என்றார்கள். அப்படியானால் மடத்து வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார் தியாகேசன்.

அந்த ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களில் கற்பூரம் அணைத்தால் பேச்சு முடிந்தது. பொய் என்று பின்னால் தெரியவந்தால், அணைத்தவர் குடும்பத்தில் யாரையும் தண்ணீரில் இறங்கவிட மாட்டார்கள்.

பச்சையம்மாள் யோசிக்கவில்லை.

"அணைக்கிறோம். அவரும் அணைக்கட்டும்."

தியாகேசன் மடத்துக்குத் திரும்பி இதைச் சொன்னார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் எதுக்கும்மா அணைக்கணும்?"

"திட்டுக்கு இப்ப யாரு போறது?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப அந்தம்மா சரியாத்தான் கேட்டிருக்காங்க."

தியாகேசனுக்கு முகம் சிவந்தது. தானும் கீரை ஆய உட்கார்ந்து, நல்ல இலைகளைத் தண்டுகளோடு சேர்த்துப் போட்டார். அம்மா அவற்றைப் பொறுக்கி இந்தப் பக்கம் போட்டார். காலையில் எண்ணப் போகும்போது தானும் கரைவரை வருவதாகச் சொன்னார்.

விடிந்ததும் இருவரும் போனார்கள். ஏரி வற்றிக்கொண்டிருந்தது. கரைக்கும் திட்டுக்கும் நடுவே எங்கும் சேறு. கால் வைத்தால் தொடைவரை இழுக்கும். தியாகேசன் அதில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கம்பு ஊன்றிப் பார்த்து, அடியில் சிப்பி படிந்து கெட்டியாக இருந்த இடங்களை இணைத்து, இருபதடிக்கு ஒரு சவுக்குக் குச்சி நட்டிருந்தார். ஏப்ரலில் நட்டபோது அந்த வழியில் இடுப்பளவு தண்ணீர். இப்போது கணுக்கால் நனையவில்லை.

அம்மா கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போங்க, ஐயா. பாதி வழியில ஒரு தடவ திரும்பிப் பாருங்க."

அந்த வழியில் போகும்போது தியாகேசன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கண் திட்டின் மேலேயே இருக்கும். பாதி வழியில் நின்று திரும்பினார்.

ஏழு நாய்கள். ஒன்றன்பின் ஒன்றாக, குச்சிகளை ஒட்டி, அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்துகொண்டிருந்தன. அவர் நின்றதும் அவையும் நின்றன. முன்னால் வந்தது வாலை ஆட்டியது.

நாய்கள் தண்ணீரில் இறங்காது, கரையோடு நின்றுவிடும் என்பது ஏப்ரலில் அவர் பார்த்த செய்தி. அதன் பிறகு பார்க்கவில்லை. முட்டை எண்ணிவிட்டுத் திரும்பும்போது அவை வழியில் எதிர்ப்பட்டால், தன்னைத் தேடி வந்திருப்பதாக நினைத்துத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கரைக்கு நடப்பார்.

அன்று அவர் திட்டுக்குப் போகவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்தார். நாய்க் காலடிகள் திட்டுவரை பலமுறை போய்த் திரும்பியிருந்தன. மனிதக் காலடி ஒருவருடையதுதான் இருந்தது.

கற்பூரம் அணைக்கப்படவில்லை. பகலில் தியாகேசன் எதிர்க்கரைக்குப் போய், பெண்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பச்சையம்மாள் இறால் போடும் பறியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நாய் மேல தப்பில்லய்யா. நீங்க அளந்து விட்ட வழியில ஒழுங்காத்தான் போயிருக்குது."

மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டார். சுற்றிப் போய்ப் பழகிவிட்டது, மிச்ச நாளும் போய்விடுகிறோம் என்றார்கள். அது அவருக்கு மேலும் சங்கடமாக இருந்தது.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தார். தியாகேசன் நிலைப்படியில் நின்று, குச்சிகளையெல்லாம் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். நாய்கள் குச்சியைப் பார்த்தா போகின்றன என்று அம்மா கேட்டார்.

"அப்ப சோறு வைக்கறத நிறுத்திடறேன்."

"வைக்கச் சொன்னது நான். நிறுத்துனா அதுங்களுக்கு முட்டைதான் சோறு."

"கட்டிப் போடலாம்."

"ஏழும் சேர்ந்து ஊளை விட்டா ஆலா அடையில உக்காருமா?"



அம்மா சோற்றுக் குண்டானை இறக்கி, துணியால் வாய் கட்டி, அவர் கையில் கொடுத்தார். மேற்கே பதினோரு கிலோமீட்டரில் மடத்துக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. கொட்டகையும் கிணறும் உண்டு. நாய்களோடு அங்கே போய் இருக்கச் சொல்லி, அரிசி அனுப்பிவைப்பதாகச் சொன்னார். நாய்கள் பின்தங்கினால் அங்கங்கே நின்று ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னார்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"குஞ்சுங்க பறக்கறவரைக்கும்."

மிச்சமிருந்த முட்டைகள் இன்னும் பத்து நாளில் பொரிக்கும். அதைப் பார்க்க அவர் இரண்டு கோடையாகக் காத்திருந்தார். குண்டானைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"பொரிக்கும்போது நான் இங்க இருக்க வேண்டாமா, அம்மா?"

"ஆலா இருக்குது, ஐயா."

தியாகேசன் மேற்கே நடந்தார். நாய்கள் எழுந்து பின்னால் போயின.

ஜூன் மாதம் இருபத்தோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆலாக் குஞ்சுகள் திட்டிலிருந்து பறந்தன. தோப்புக்கு அந்தச் செய்தி இருபத்தாறாம் தேதி போய்ச் சேர்ந்தது.