உள்ளே போய் என்ன சொல்வது

"என் மகள் ஜட்ஜ் முன்னால 'அப்பாகூடத்தான் இருப்பேன்'னு சொல்லணும், அம்மா. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

தணிகைவேல் நின்றபடியே கேட்டான்.

எதிரே இருந்தவர் சிவகாமி அம்மையார். மலையடிவாரத்தில் நான்கு அறைகள் கொண்ட சிறிய ஆசிரமம் அவருடையது. தணிகைவேலைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும், மனைவி பிரிந்துபோன இந்த மூன்று வருடத்தில், எதற்கும் அவரிடம்தான் ஓடி வருவான்.

"உட்காருங்க."

உட்கார்ந்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். தரையில் சம்மணம் போட்டும் வலது பாதம் எதையோ மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தது.

"இப்ப மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமைதான் பூவிழியைப் பார்க்க விடறாங்க. அதுவும் கோர்ட்ல ஒரு ரூம்ல. பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். பெத்த பிள்ளையைப் பார்க்க வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். எங்கூடவே இருக்கட்டும்னு மனுப் போட்டேன். நாளன்னைக்கு ஜட்ஜ் அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்கப்போறார். அவ வாயில என்ன வருதோ அதை வெச்சுத்தான் முடிவுன்னு வக்கீல் சொல்றார்."

அம்மையார் அவனைக் கேட்டார்.

"உங்களுக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?"

"எனக்கா? ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருஷக் கணக்காச்சு."

"யாரைப் பிடிக்கும்?"

"ரெண்டு பேரையும்தான்."

"ஒருத்தரைச் சொல்லுங்க."

சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"நான் கேட்க வந்தது வேற" என்று எழுந்தான்.

அம்மையாரும் எழுந்தார். கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லிட்டுப் போங்க."

அந்தச் சின்ன அறைக்குள் அவன் நாலு தடவை நடந்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பா குடித்துவிட்டு வந்து இடுப்பு பெல்ட்டைக் கழற்றுகிறவர். ஆனால் அவனுக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்ததும் அவர்தான்.

மறுபடி உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"அம்மாவைத்தான்" என்றான் கடைசியில்.

சொன்ன மாத்திரத்தில் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே அப்பா நின்று கேட்டுவிட்டதுபோல.

ஜன்னலில் யாரும் இல்லை.

"உங்களுக்கு என்ன வயசு?" என்றார் அம்மையார்.

"நாற்பத்தாறு."

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு நாளும் அவனுக்கு வண்டி ஓட்டம் சரியில்லை. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினான். கண்டக்டர் விசிலடித்தும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

வாய்தா நாளன்று காலை, வக்கீலைக் கோர்ட் படிக்கட்டிலேயே பிடித்துவிட்டான்.

"பாப்பாவைக் கேட்க வேண்டாம்னு சொல்லிடுங்க சார்."

"கேஸ் நிற்காதுய்யா."

"பரவாயில்லை. நான் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

வக்கீல் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் முடிந்தது. இருக்கிற ஏற்பாடே தொடரட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை, அதே மூன்று மணி நேரம்.

வெளியே வராந்தாவில், கடைசி பெஞ்சு ஓரமாக, பிரிந்துபோன மனைவி வளர்மதி நின்றிருந்தாள். எட்டு வயதுப் பூவிழி அவள் கையை விட்டுவிட்டு இவனிடம் வந்தாள். உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ரிப்பன் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

"அப்பா, போன சனிக்கிழமை நீங்க சொல்லிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணிட்டேன். கூப்பிட்டதும் உள்ள போய் அப்படியே சொல்லிடறேன்."

தணிகைவேல் குந்தி உட்கார்ந்தான்.

"அது வேணாம்டா. உன்னை யாரும் உள்ள கூப்பிட மாட்டாங்க. யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

குழந்தை அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"அம்மாவும் ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள். "அதையும் மறந்துடலாமா?"