பலகை வீணை

“அந்தப் பிள்ளையை நாளையிலேர்ந்து வகுப்புக்கு வர வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன் டீச்சர்.”

வேதமூர்த்தி வாசல்படியிலேயே நின்று சொன்னார். செருப்பைக் கழற்றியிருந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளிடம்தான் வீணை படித்தார். அதனால் அவள் சொல்லாமல் உள்ளே வந்து உட்கார மாட்டார்.

“எந்தப் பிள்ளை சார்?” என்றாள் பார்கவி டீச்சர்.

“இசக்கி. உப்பளத்துப் பிள்ளை.”

“என்ன செஞ்சா?”

“அவ பலகையில விரல் வச்சா, அலமாரிக்குள்ள வீணை கேக்குது.”

டீச்சர் தந்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அலமாரி பூட்டியிருக்கா?”

“பூட்டித்தான் இருக்கு.”

“வீணையெல்லாம் யாருக்கு வாங்கினது?”

“அந்தப் பிள்ளைங்களுக்குத்தான். ஊர் ஊரா அலைஞ்சு, பெரிய மனுஷங்க காலைப் பிடிச்சு வாங்கினேன். கடல் காத்து டீச்சர். உப்பு. தந்தியைத் தின்னுடும். அதான் துணி சுத்தி உள்ள வச்சிருக்கேன். கதவைக்கூடத் திறக்கறதில்லை. கை பழகட்டும், அப்புறம் கொடுக்கலாம்னு.”

“கை இன்னும் பழகலையா?”



“ஊர்ல பேச்சாயிடுச்சு டீச்சர். பேய் குடியிருக்குன்னு. அவளை அனுப்பினா மத்த பிள்ளைங்களாவது மிஞ்சும். இல்லேன்னா வகுப்பையே மூட வேண்டியதுதான்.”

“அவ என்ன செய்வா?”

“அவ அம்மா கூட உப்பு வாரப் போவா. வேற என்ன?”

டீச்சர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சாயங்காலம் வரேன்.”

*

வகுப்பு நடந்தது பழைய உப்புக் கிடங்கில். சுவரில் கை வைத்தால் வெள்ளையாக ஒட்டும்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பலகை. வீணை நீளத்துக்கு அறுத்து, மெட்டும் தந்தியும் மையால் வரைந்து, வேதமூர்த்தி தன் கையாலேயே செய்து கொடுத்தவை.

டீச்சர் தாளம் போட்டாள்.

விரல்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. ஒரு சத்தம் இல்லை. மரத்தில் தோல் உரசுகிற சத்தம்தான், எங்கோ மணலில் யாரோ நடப்பது போல.

இசக்கி மட்டும் கையை மடியில் வைத்திருந்தாள்.

“நீ வாசிக்கலையா?”

“மாட்டேன் டீச்சர்.”

“ஏன்?”

“ஏசுவாங்க.”

“வாசி.”

பிள்ளை மையால் வரைந்த தந்தியில் விரலை வைத்து இழுத்தாள்.

மூலையில் பூட்டியிருந்த அலமாரிக்குள் ஒரு தந்தி அழுதது.

“ஏட்டி இசக்கி, கைய எடுட்டி!” என்று பக்கத்துப் பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இன்னொருத்தன் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டான். “பேரு வச்சவங்கள சொல்லணும்லா. பேரே இசக்கி, பேயோட பேருல்லா!”

“நான் ஒண்ணும் செய்யல,” என்றாள் பிள்ளை. “பலகையிலதான் வாசிச்சேன்.”

“பாத்தீங்களா டீச்சர்?” என்றார் வேதமூர்த்தி. “நான் சொன்னா நம்ப மாட்டீங்களே.”

டீச்சர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினாள். பலகையோடு வெளியே கூட்டிப்போய் முற்றத்தைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, உப்புக் குவியல் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“இங்க இருந்து வாசி. நான் கை காட்டுற வரைக்கும்.”

திரும்பி வந்தாள்.

தூரத்தில் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. வெள்ளைக் குவியல் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அலமாரிக்குள் வீணை எழுந்தது. முதலில் ஒன்று. பிறகு அதன் பக்கத்திலிருந்து இன்னொன்று. வேதமூர்த்தி சொல்லிக்கொடுத்த அதே பாடம். ஆனால் அவர் வாசித்து அவரே அப்படிக் கேட்டதில்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“சரி சார், அனுப்பிடுவோம்,” என்றாள் டீச்சர். “எவ்வளவு தூரத்துக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க.”

வேதமூர்த்தி இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டார்.

“திறங்க,” என்றாள்.

“காத்து ஏறிடும் டீச்சர்…”

டீச்சர் அலமாரியைக் காட்டினாள்.

அவர் பூட்டில் சாவியைப் போட்டார். திரும்பவில்லை. பூட்டு உப்பேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் முறுக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஈரமான, பச்சை வாடை அடித்தது. முதல் வீணையின் துணியைப் பிரித்தார். தந்தி இல்லை. துருவாகி உதிர்ந்து, துணியில் சிவப்புக் கோடாக ஒட்டியிருந்தது.

அடுத்ததைப் பிரித்தார். அதற்கடுத்ததை. ஒன்றில் ஒரே ஒரு தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது. தொட்டதும் பொடியாயிற்று.

ஒரு வீணையிலும் தந்தி இல்லை.

சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவர் முகத்துக்கு நேராக.

டீச்சர் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினாள். தூரத்தில் பிள்ளை பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

வேதமூர்த்தி காதைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது.

“டீச்சர்… நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன். இந்த உப்புக் காத்துல வேற எப்படி…”

“உங்க வீடு எங்க சார் இருக்கு?”

“தெரியுமே உங்களுக்கு. கடற்கரை ஓரம்.”

“உங்க வீணை எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன டீச்சர், கூடத்துலதான் கிடக்கு. தினம் எண்ணெய் தொட்டு வாசிக்கிறேன், அது பாட்டுக்கு நல்லா…”



கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

இசக்கி வாசலில் வந்து நின்றாள். பலகையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். உள்ளே வரவில்லை.

“சார், நான் வீட்டுக்குப் போகட்டுமா? இனிமே வர மாட்டேன்.”

வேதமூர்த்தி அவளிடம் போய், அந்தப் பலகையை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“போலாம் தாயி,” என்றார். “எங்க வீட்டுக்கு. வீணை அங்க இருக்கு. எல்லாரும் வாங்க.”

அலமாரிக்குள் சத்தம் நின்றது.