மூன்று மாமன்கள் சாரி சொல்லப் போனது

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா ஓலைக்குளத்துக்காரங்க காதில் விழுந்துடும். அவங்க கோவிச்சுக்கற ஆளுங்க இல்லை. "அது அப்படி இல்லீங்க, அதைவிட மோசம்" என்று நம்மைத் திருத்த வந்துடுவாங்க.

அந்த ஓலைக்குளத்தில் அண்ணன் தம்பி மூணு பேர். மூத்தவர் பொன்னுரங்கம், நடுவில் சடையப்பன், கடைசி அங்கமுத்து. மூணு பேரில் அங்கமுத்துதான் புத்திசாலி. ஊரே அப்படித்தான் சொல்லும், மத்த ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துட்டு. தாய் தகப்பன் இல்லாத அக்கா மகள் செங்கமலத்தை இந்த மூணு மாமன்களும்தான் வளர்த்தாங்க.

செங்கமலத்துக்கு டவுனில் மாப்பிள்ளை அமைஞ்சது. பையனை அவளுக்குப் பிடிச்சிருந்தது, அதுவும் ரொம்பவே. பையனோட அப்பா ஏகாம்பரம், ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நிச்சயத்துக்கு வந்த மனுஷன் வெக்கை தாங்காம, "கொஞ்சம் காத்தோட்டமான இடமாப் பார்த்து உட்கார வையுங்க" என்றார்.

மாமன்கள் ஊரெல்லாம் சுத்திப் பார்த்தாங்க. வைக்கோல் போர் உச்சியில்தான் காத்து நல்லா அடிச்சது. நாற்காலியோட அவரை அங்கே ஏத்தி வெச்சாங்க. அப்புறம் பந்தலுக்கு ஏணி வேணுமே என்று ஏணியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இறங்கணும் என்று அவர் முன்கூட்டியே சொல்லலை, பாருங்க.

சாயங்காலம்தான் இறங்கினார். மீசையிலெல்லாம் வைக்கோல்.

"வியாழக்கிழமைக்குள்ள மூணு பேரும் என் வீட்டுக்கு வரணும். கால்ல விழற வேலையெல்லாம் வேண்டாம். நாகரிகமா இங்கிலீஷில் 'சாரி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை கல்யாணம் கிடையாது!"

அவர் போனதும் செங்கமலம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மாமன்களை உட்கார வெச்சாள்.

"மன்னிச்சுக்குங்க, பொறுத்துக்குங்க, தப்பு நடந்துபோச்சு, மனசுக்கு வருத்தமா இருக்கு. இது அத்தனையும் சேர்ந்ததுதான் மாமா அந்த ஒரு வார்த்தை."

"அத்தனையுமா?" என்றார் பொன்னுரங்கம். "அப்ப கனமான வார்த்தைதான். மூணு பேராப் போறதுதான் நல்லது."

"தமிழ்ல சொன்னா குனியணும், கையைக் கட்டணும்" என்றார் சடையப்பன். "இதை நின்ன வாக்கிலேயே சொல்லலாமாம். வெள்ளைக்காரனுக்கு முதுகுவலி இருந்திருக்கும்."

செங்கமலம் பெருமூச்சு விட்டாள். "டவுனுக்குப் போய் அங்கே உள்ளவங்க எப்படிச் சொல்றாங்கன்னு பாருங்க மாமா. அவங்க செய்யற மாதிரியே செய்யுங்க. சொந்தமா எதுவும் யோசிக்காதீங்க."

அந்தப் பிள்ளை சொன்னதில் குத்தமே இல்லை. இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது.

மூணு பேரும் டவுனில் ஆளுக்கொரு பக்கம் போனாங்க. பொன்னுரங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்னார், சடையப்பன் ஓட்டலில் உட்கார்ந்தார், அங்கமுத்து ஆஸ்பத்திரி வாசலைப் பிடிச்சார். திரும்பி வந்து வேப்ப மரத்தடியில் கூடினாங்க.

"முதல்ல எதிராளியோட காலை மிதிக்கணும்" என்றார் பொன்னுரங்கம். "செருப்போட. மிதிச்சுட்டு 'சாரி'ங்கணும். அவன் 'பரவாயில்லை'ன்னா வேலை முடிஞ்சது. மிதிக்காம சொன்ன ஆளு ஒருத்தனைக்கூட நான் பார்க்கலை."

"யாருகிட்டேண்ணே கதை விடறே?" என்றார் சடையப்பன். "சட்டையில சாம்பாரை ஊத்தணும். ஊத்தின கையோட 'சாரி சார்'. என் கண்ணால பார்த்தேன், என் சட்டையிலதான் ஊத்தினான்."

அங்கமுத்து தொண்டையைச் செருமிக்கிட்டார். "நீங்க பார்த்ததெல்லாம் சில்லறை சாரி. நான் பார்த்தது டாக்டர் சொன்னது. அவர் கதவைத் திறந்து வந்து, தலையைக் குனிஞ்சு 'சாரி'ன்னார். உடனே இருபது பேர் மாரில் அடிச்சுக்கிட்டு அழுதாங்க. படிச்சவர் சொல்ற சாரி எப்படின்னு பார்த்துக்குங்க!"

மூணையுமே செஞ்சுடறது என்று முடிவாச்சு.

"எதை முதல்ல செய்யறது?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

அங்கமுத்து யோசிச்சார். "காலை மிதிக்கிறது, சாம்பார் ஊத்தறது, சாகறது. மனுஷனுக்கு வரக்கூடிய வரிசை அதுதான்."

"அவர் இன்னும் சாகலையே?"

"அவர் சாகணும்னு யாருண்ணே சொன்னது? அழ வேண்டியது நாம. அவர் சும்மா இருந்தாப் போதும்."

"சாம்பார் கொதிக்கக் கொதிக்க இருந்துதே" என்றார் சடையப்பன்.

"ஆற வெச்சு எடுத்துட்டுப் போவோம். சம்பந்தி ஆச்சே."

வியாழக்கிழமை காலையில் ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூணு பேரும் வரிசையா உள்ளே வந்தாங்க. சடையப்பன் கையில் தூக்குவாளி.

"வாங்க, வாங்க" என்று சிரிச்சார். கோபம் பாதி ஆறியிருந்தது. அந்த நேரத்தில் வாயை மட்டும் திறந்திருந்தாப் போதும்.

பொன்னுரங்கம் நேராப் போய் அவரோட இடது கால் சுண்டுவிரலைப் பார்த்து மிதிச்சார். "சாரி!"

"ஐயோ!" என்றார் ஏகாம்பரம்.

மூணு பேரும் காத்திருந்தாங்க. 'பரவாயில்லை' வரலை. பொன்னுரங்கம் ஒதுங்கி நின்னார். சடையப்பன் வாளியைத் திறந்து வெள்ளைச் சட்டை முழுக்கப் பரவுற மாதிரி நிதானமா ஊத்தினார். முருங்கைக்காய் ரெண்டு துண்டு பையில் விழுந்துச்சு. "சாரி சார்!"

"யோவ்! என்னய்யா இது!"

"இதுவும் போதலையாம்" என்றார் அங்கமுத்து. தலையைக் குனிஞ்சு, மெதுவா, "சாரி" என்றார். சொன்னதும் மூணு பேரும் தரையில் உட்கார்ந்து மாரில் அடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க.

"சம்பந்தி! எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

அடுக்களையிலிருந்து ஓடி வந்த ஏகாம்பரத்தோட சம்சாரம், என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து அழுதாங்க. தெருவே கூடிடுச்சு. அடுத்த வீட்டுக்காரர் மாலை வாங்கிட்டே வந்துட்டார். வாங்கினதை என்ன செய்யறது என்று ஏகாம்பரம் கழுத்திலேயே போட்டுட்டார்.

சம்மணம் போட்டு அழுதுக்கிட்டிருந்த மூணு பேரையும் ஏகாம்பரம் பார்த்தார். இவங்க நாளைக்கும் வருவாங்க என்று அவருக்குப் புரிஞ்சுபோச்சு. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமிகளா, நிறுத்துங்க! செங்கமலம்தான் என் மருமக. நாளைக்குக் கல்யாணம் நடக்கும். உங்களை இங்கே வரச் சொன்னதே என் தப்பு. சாரி! போதுமா? நான்தான் சாரி!"

அழுகை சட்டுனு நின்னுச்சு. பொன்னுரங்கமும் சடையப்பனும் குழம்பிப்போய் அங்கமுத்துவைப் பார்த்தாங்க.

அங்கமுத்து மூக்கைத் துடைச்சுக்கிட்டு, மெதுவான குரலில் சொன்னார்: "பாவம், பெரிய மனுஷன். பதட்டத்துல வார்த்தையை முதல்ல சொல்லிட்டார், மிதிக்க மறந்துட்டார். நாலு பேர் முன்னாடி அவர் மானம் போகலாமா? ஆளுக்கொரு பக்கம் பிடிங்க."

அண்ணன்கள் ரெண்டு பேரும் ஏகாம்பரத்தை மாலையோட, முருங்கைக்காயோட அலாக்காத் தூக்கினாங்க. அங்கமுத்து தன் இடது காலை நீட்டி, சுண்டுவிரலை ஒழுங்கா விரிச்சு வெச்சு, அவரை அது மேல இறக்கச் சொன்னார். இறக்கினாங்க. கண்ணில் தண்ணி வர, பல்லைக் கடிச்சுக்கிட்டு, நல்ல மரியாதையா அங்கமுத்து சொன்னார்:

"பரவாயில்லீங்க, சம்பந்தி."